முழங்கை வரை

அக்கா: இந்தத் தொட்டித் தண்ணி சரியில்லை.

மருத்துவச்சி: என்ன சரியில்லைம்மா?

அக்கா: வாசனை வருது. குளோரின் கொஞ்சம் தூக்கலா இருக்கு.

மருத்துவச்சி: குழாய்த் தண்ணிதான். ஊரே குடிக்கிற தண்ணி.

அக்கா: குடிக்கிறது வேற சிஸ்டர். இதுக்குள்ள ஒரு குழந்தை பொறக்கப்போகுது. வாயைத் தொறக்கும், கண்ணைத் தொறக்கும்...

மருத்துவச்சி: நேத்து சொன்னதையே திரும்பவும்...

அக்கா: நேத்தா? நேத்து நான் எங்க வந்தேன்?

மருத்துவச்சி: ...இல்ல. வேற யாரோ. தினமும் யாராவது ஒருத்தர் இதைக் கேக்கறாங்க.

தங்கை: தப்பா நினைச்சுக்காதீங்க சிஸ்டர். எங்க அக்கா தண்ணி சோதிக்கிற லேப்ல வேலை பாக்கறா. விருந்துக்குக் கூப்பிட்டாக்கூட டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் குடிப்பா. அதனாலயே எங்களை யாரும் விருந்துக்குக் கூப்பிடறதில்ல... அம்மா...

மருத்துவச்சி: வலியா? பேசாதீங்க. சுவத்தைப் பிடிச்சுக்கங்க. மூச்சை வெளிய விடுங்க... இடுப்பை ஆட்டுங்க, அப்படித்தான்... போகுதா?

தங்கை: போகுது... போயிடுச்சு. நான் இறங்கிடறேன் சிஸ்டர். அடுத்தது வர்றதுக்குள்ள தொட்டிக்குள்ள போயிடறேன்.

மருத்துவச்சி: அக்கா சூடு பாத்துச் சொல்லட்டும். லேப்காரங்க சொன்னா நமக்கும் தைரியம். கையை விடுங்கம்மா.

அக்கா: நானா?

மருத்துவச்சி: நீங்கதான்.

அக்கா: ...முழங்கை வரைக்கும் விட்டாப் போதும். முழங்கைக்குத்தான் சூடு நல்லாத் தெரியும். ...சரியாத்தான் இருக்கு.

தங்கை: சான்றிதழ் கிடைச்சாச்சு. கையைப் பிடிங்க சிஸ்டர்.

அக்கா: சூடு சரின்னுதான் சொன்னேன். தொட்டி சரின்னு சொல்லலை. வழுக்கும். விளிம்பு எவ்வளவு உயரம் பாரு. எத்தனை பேர் இறங்கி ஏறின தொட்டியோ...

மருத்துவச்சி: நேத்து கழுவினதே நான்தான். அதுக்கப்புறம் யாரும் இறங்கலை.

அக்கா: அதான் பக்கத்துலயே கட்டில் இருக்கே. வெள்ளையா விரிச்சு, சுத்தமா...

தங்கை: அவ்வளவு பிடிச்சிருந்தா நீ போய்ப் படு.

மருத்துவச்சி: முதல்ல இந்தப் படி. இப்ப அந்தக் கால். அவசரமே வேண்டாம்... உக்காருங்க. முதுகைச் சாய்ங்க. எப்படி இருக்கு?

தங்கை: ஐயோ சிஸ்டர்... வயிறு இருக்கிறதே தெரியலை. இத்தனை மாசமா நான் தூக்கிட்டு நடந்ததை யாரோ வந்து, கொஞ்ச நேரம் குடு நான் வச்சிருக்கேன்னு வாங்கிக்கிட்ட மாதிரி இருக்கு. அக்கா, நீ ஏன் அங்கயே நிக்கற? கதவுக்குக் காவலா?

அக்கா: இங்கேர்ந்து நல்லாத் தெரியுது.

மருத்துவச்சி: ஸ்டூல் இங்க இருக்கும்மா, தொட்டிக்குப் பக்கத்துல.

அக்கா: எனக்கு நிக்கறதுதான் வசதி.

தங்கை: சரி, நிக்கறவ அந்தத் திரையை இழுத்து விடு. வெயில் கண்ணுல அடிக்குது. என் பையில துண்டு இருக்கும், அதையும் எடு.

அக்கா: சீப்பு... பால் பிஸ்கட்... இந்தா, துண்டு. இது என்னடி ரெண்டு நைட்டி? ஒண்ணு உன் அளவு. இன்னொண்ணு என்ன, கூடாரமா? உன்னை மாதிரி ரெண்டு பேர் நுழையலாம்.

தங்கை: கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான். இப்ப அதுவா முக்கியம்? துண்டைக் குடு.

அக்கா: மாத்திக் குடுத்தா திருப்பிக் குடுக்கணும். துணி நல்லாத்தான் இருக்கு...

மருத்துவச்சி: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க. வலி கூடிட்டா அப்புறம் எதுவும் காதுல விழாது. தண்ணிக்குள்ள நான் கையை வைக்க மாட்டேன். இந்தக் கண்ணாடியும் டார்ச்சும்தான். அதுல பாத்துக்குவேன். குழந்தை வர்றப்ப நீங்க கையைக் கீழ கொண்டுபோய் ஏந்தி, மெதுவா மேல கொண்டு வரணும்.

அக்கா: அவளா?

மருத்துவச்சி: ஆமா.

அக்கா: நீங்க எடுக்க மாட்டீங்களா?

மருத்துவச்சி: தேவைப்பட்டா எடுப்பேன். இல்லேன்னா தண்ணிக்குள்ள பெத்தவங்க கைதான் முதல் கை.

அக்கா: பெத்தவங்க கை.

மருத்துவச்சி: இன்னொண்ணு. இதுதான் ரொம்ப முக்கியம். தலை வெளிய தெரிய ஆரம்பிச்சதும் பயத்துல எழுந்துக்கத் தோணும். எழுந்துக்கக் கூடாது. குழந்தை முகத்துல காத்து பட்டுடுச்சுன்னா அது மூச்சை இழுக்கும். அப்புறம் திரும்பத் தண்ணிக்குள்ள உக்காந்தா ஆபத்து. அதனால ஒண்ணு முழுசா உள்ள, இல்ல முழுசா வெளிய. நடுவுல நிக்கற பேச்சே இல்ல.

தங்கை: வளைவுல பாதி திருப்பிட்டு பிரேக் போடக்கூடாது. புரியுது சிஸ்டர். நான் ஸ்கூல் வேன் ஓட்டறவ.

மருத்துவச்சி: அப்ப உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். துணைக்கு இருக்கிறவங்களும் இறங்கலாம், அதுக்குத் தடை இல்ல. போன வாரம் ஒரு புருஷன் இறங்கினாரு. நீச்சலுக்குப் போடற கண்ணாடியெல்லாம் மாட்டிக்கிட்டு.

தங்கை: என் வீட்டுக்காரர் இறங்கினா தண்ணி பூரா வெளிய போயிடும். அவர் வீட்டுல எங்க வாண்டுவைப் பாத்துக்கிட்டா அதுவே பெரிசு. வெளிய மாமா இருக்காரா அக்கா?

அக்கா: நடந்துட்டு இருக்காரு. தரை தேஞ்சிருக்கும்.

மருத்துவச்சி: இப்ப குழந்தையோட நாடி கேட்டுடலாம். இந்தக் கருவி தண்ணிக்குள்ளயே வேலை செய்யும். கொஞ்சம் இடது பக்கம் சாய்ங்க...

தங்கை: அக்கா, அந்தக் குழாயை ஏன் தொறந்த?

அக்கா: கை கழுவறேன்.

தங்கை: மூடு. ஒண்ணும் கேக்கலை.

அக்கா: சோப்பு போகலை.

மருத்துவச்சி: கொஞ்சம் மூடுங்கம்மா... கிடைச்சாச்சு. கேளுங்க, குதிரை ஓடற மாதிரி. நல்லா இருக்கு.

தங்கை: கேட்டியா?

அக்கா: ம்.

தங்கை: எங்க கேட்ட? குழாய் இன்னும் ஓடிட்டு இருக்கு.

மருத்துவச்சி: நான் போய்த் துண்டெல்லாம் சூடு பண்ணி எடுத்துட்டு வர்றேன். பக்கத்து ரூம்தான். இந்த மணியை அழுத்தினா வந்துடுவேன். அக்காவும் தங்கச்சியும் சண்டை போடாம இருங்க.

தங்கை: வாக்குக் குடுக்க முடியாது சிஸ்டர்... போயிட்டாங்க. இப்ப மூடலாம் குழாயை.

அக்கா: மூடிட்டேன்.

தங்கை: ஒவ்வொரு தடவையும் இதையேதான் செய்யற. ஸ்கேன் ரூம்ல இருமின. அதுக்கடுத்த தடவை ஃபோன் வந்துச்சுன்னு வெளிய ஓடின. உன் ஃபோன் என் பையில இருந்துச்சு.

அக்கா: எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

தங்கை: குழந்தை நாடியா பிடிக்காது?

அக்கா: அது இல்லடி. அதுக்கு முன்னாடி தேடுவாங்க இல்ல... கர்ருனு ஒரு இரைச்சல் மட்டும் இருக்கும். அங்க நகத்துவாங்க, இங்க நகத்துவாங்க. என்னைப் பாக்காம சுவத்தைப் பாப்பாங்க. பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்னு எழுந்து போவாங்க... எனக்கு எல்லாத் தடவையும் அந்த இரைச்சலோடயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் என்ன வரும்னு நான் கேட்டதே இல்ல.

தங்கை: இப்பக் கேளேன். இது உன்னோடது. உன் கரு, மாமா கரு. நான் வெறும் வண்டி.

அக்கா: மெதுவாப் பேசு.

தங்கை: யாருக்குத் தெரியாது? ஆஸ்பத்திரிக்கே தெரியும். வேன்ல தினமும் எத்தனை பிள்ளைங்களை ஏத்தி இறக்கறேன், எதையாவது என் பிள்ளைன்னு வீட்டுக்குக் கொண்டு போயிருக்கேனா?

அக்கா: ஒரு தடவை கொண்டு போன.

தங்கை: அது அவங்க வீட்டு கேட்டுல ஆள் இல்லாததால. வாசலுக்கு வந்து, கையைப் பிடிச்சு வாங்கிக்க ஒரு ஆள் நின்னாத்தான் நான் பிள்ளையை இறக்குவேன். இல்லேன்னா வண்டியைத் திருப்பிடுவேன். அது என் வேனோட சட்டம். அந்த வீட்டுக்காரங்க பதறிட்டு வந்து வாங்கிட்டுப் போனாங்க இல்ல?

அக்கா: வந்தப்ப அது உன் மடியில தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்பாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு நீ சொன்ன. நானும் அங்கதானே இருந்தேன்.

தங்கை: ...அதை எதுக்கு இப்ப சொல்ற?

அக்கா: சும்மாதான்.

தங்கை: சும்மா இல்ல.

அக்கா: சரி, சும்மா இல்ல. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. முதல்ல நாம என்ன பேசினோம்?

தங்கை: நிறையப் பேசினோம்.

அக்கா: கட்டில்ல பெத்துக்கறேன், நடுவுல திரை போடச் சொல்லு, எனக்கு முகத்தைக் காட்ட வேண்டாம், நேரா உன் கையில குடுக்கச் சொல்லுன்னு சொன்னது யாரு? நான் கேக்கலை. நீயாச் சொன்ன.

தங்கை: நான்தான் சொன்னேன்.

அக்கா: அப்புறம் திடீர்னு ஒரு நாள் தொட்டி வேணும்னு வந்து நிக்கற. தொட்டின்னா முதல்ல யார் கைக்கு வரும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?

தங்கை: தெரியும்.

அக்கா: தெரிஞ்சே கேட்டியா?

தங்கை: தெரிஞ்சேதான் கேட்டேன். அப்படிப் பாக்காதே. வலி கம்மியா இருக்கும்னாங்க.

அக்கா: வலிக்காகவா?

தங்கை: வலிக்காகன்னு வச்சுக்க.

அக்கா: வச்சுக்கன்னா என்னடி அர்த்தம்?

தங்கை: இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். இத்தனை மாசத்துல நீ என் வயித்தை ஒரு தடவையாவது தொட்டியா? பஸ்ல பக்கத்துல உக்காந்த பொம்பளைகூடக் கேக்காமலே தடவிப் பாத்தா. வேன்ல வர்ற வாண்டுங்க காதை வச்சுக் கேக்குதுங்க. நீ வருவ, பை நிறைய பழம் வாங்கிட்டு வருவ, கதவுக்கிட்டயே நிப்ப. உதைக்குது, கையை வைன்னேன். கை ஈரமா இருக்குன்ன.

அக்கா: ஈரமாத்தான் இருந்துச்சு.

தங்கை: துடைச்சாக் காஞ்சிடாதா? படுத்தாத் தூக்கம் வராது எனக்கு. இவளுக்கு இது வேணுமா, வேண்டாமா? நான் பாட்டுக்குச் சுமந்துட்டு இருக்கேன், கடைசியில இவ கையை நீட்டலேன்னா? வேண்டாம்னா இப்பவாவது சொல்லிடு அக்கா.

அக்கா: வேண்டாமா? எனக்கா? பைத்தியக்காரி.

தங்கை: அப்ப ஏன் தொடலை?

அக்கா: நான் தொட்டா...

தங்கை: தொட்டா என்ன?

அக்கா: என்கிட்ட வந்தது எது தங்கிச்சு? ஒவ்வொண்ணுக்கும் ராவும் பகலும் கையை வயித்துமேலயே வச்சிட்டு இருந்தேன். பொத்திப் பொத்தி. இதே கைதான். இதை உன் வயித்துலயும் கொண்டு வந்து வைக்கச் சொல்றியா?

தங்கை: லேப்ல வேலை பாக்கறவ பேசற பேச்சா இது?

அக்கா: லேப்ல இதுக்கெல்லாம் சோதனை கிடையாது.

தங்கை: அக்கா... வருது... இது வேற மாதிரி வருது... முதுகை அழுத்து...

அக்கா: இரு, சிஸ்டரைக் கூப்பிடறேன்.

தங்கை: கைதானே கேட்டேன்... முதுகுலதானே வைக்கச் சொன்னேன்... ஐயோ...

அக்கா: அழுத்திட்டேன், மணியை அழுத்திட்டேன். வந்துடுவாங்க. மூச்சை விடு. விடுடி...

மருத்துவச்சி: வந்துட்டேன். என்னைப் பாருங்க. கத்தணும்னா கத்துங்க, பல்லைக் கடிக்காதீங்க... ஆச்சு, இறங்குது... நாடி பாத்துடறேன்.

தங்கை: அக்கா, குழாயைத் தொறக்காதே.

அக்கா: தொறக்கலை.

மருத்துவச்சி: ...

தங்கை: என்ன சிஸ்டர்?

மருத்துவச்சி: ஒண்ணுமில்ல, இடம் மாறியிருக்கு. தேடறேன்...

அக்கா: இரைச்சல்தான் கேக்குது.

மருத்துவச்சி: தண்ணி அலையற சத்தம்மா அது.

அக்கா: நீங்க சுவத்தைப் பாக்கறீங்க.

மருத்துவச்சி: கடிகாரத்தைப் பாக்கறேன். கடிகாரம் சுவத்துலதான் இருக்கு. ...இதோ. கேக்குதா?

அக்கா: மெதுவா இருக்கு. முன்னாடி குதிரைன்னீங்க. இது குதிரை இல்ல.

மருத்துவச்சி: ஆமா, மெதுவாத்தான் இருக்கு. நீங்க திரும்புங்க. முட்டி போட்டுக்கங்க, கையை விளிம்புல வச்சு... அப்படியே இருங்க. நல்லா மூச்சை இழுங்க, குழந்தைக்கும் சேத்து.

தங்கை: செத்துடுமா?

அக்கா: வாயைக் கழுவு.

தங்கை: சிஸ்டர், சொல்லுங்க. செத்துடுமா?

மருத்துவச்சி: பேசாம மூச்சை இழுங்க. இன்னும்... இன்னும்... கேளுங்க இப்ப. கேளுங்கம்மா நீங்களும்.

அக்கா: ஏறுது.

மருத்துவச்சி: ஏறிடுச்சு. பழைய வேகத்துக்கு வந்துடுச்சு. தலை கீழ இறங்கறப்ப அமுங்கும், அப்ப இப்படி ஆகலாம். திரும்ப ஒரு தடவை ஆச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன், வெளிய எடுத்துடுவேன்.

அக்கா: இப்பவே எடுத்துடுங்க. எதுக்குத் திரும்பவும் ஆகற வரைக்கும்...

தங்கை: வேண்டாம்.

அக்கா: நீ பேசாதே. சிஸ்டர், நான் சொல்றேன், எடுங்க. எனக்கு அந்த உரிமை இருக்கா இல்லையா?

தங்கை: கொஞ்சம் இருங்க சிஸ்டர், எனக்கு... எனக்கு முக்கத் தோணுது.

மருத்துவச்சி: முக்கணுமா? இருங்க, கண்ணாடி... ஓ. வந்துடுச்சும்மா. தலைமுடி தெரியுது. நிறைய முடி.

அக்கா: முடியா?

மருத்துவச்சி: இப்ப எங்கயும் போற நேரம் இல்ல. திரும்பி உக்காந்துக்கங்க. வலி வர்றப்ப அது போற வழியில விடுங்க...

தங்கை: எரியுது சிஸ்டர்... கிழியுது... என்னால முடியாது. நான் எழுந்துக்கறேன்.

மருத்துவச்சி: எழுந்துக்காதீங்க.

தங்கை: எழுந்துக்கறேன், விடுங்க என்னை...

மருத்துவச்சி: நான் பிடிக்கவே இல்லம்மா. நான் சொன்னது ஞாபகம் இருக்கா? ஒண்ணு உள்ள, இல்ல வெளிய. எழுந்தா முழுசா எழுந்திருங்க, திரும்ப உக்காரக் கூடாது. இல்லேன்னா இடுப்பைத் தண்ணிக்குள்ள வைங்க. இப்பச் சொல்லுங்க.

அக்கா: உக்காருடி. கண்ணு இல்ல, உக்காரு.

தங்கை: எப்படி உக்காருவேன்? நான் யார்கிட்ட இறக்குவேன்? கேட்டுல ஆளே இல்லையே அக்கா...

அக்கா: நான் நிக்கறேன்டி.

தங்கை: நீ கதவுக்கிட்ட நிக்கற. நீ எப்பவும் கதவுக்கிட்டதான் நிக்கற. ஒரே ஒரு தடவை வா அக்கா... நான் பயந்துட்டேன்... எனக்கு ரொம்பப் பயமா இருக்கு...

அக்கா: சிஸ்டர், செருப்பைக் கழட்டணுமா?

மருத்துவச்சி: கழட்டுங்க. வழுக்கும். வாட்ச் இருக்கட்டும், நேரம் இல்ல. அவங்க முதுகுக்குப் பின்னால இறங்குங்க. காலை ரெண்டு பக்கமும் விட்டு... இப்ப அவங்களை உங்க மேல சாச்சுக்கங்க.

அக்கா: துணியெல்லாம் மேல மிதக்குது.

மருத்துவச்சி: மிதக்கட்டும்.

அக்கா: சாஞ்சுக்க. நான் பின்னால இருக்கேன். உன் முழுக் கனத்தையும் போடு.

தங்கை: கை.

அக்கா: கை எங்க?

தங்கை: வயித்துமேல வை.

அக்கா: ...

தங்கை: வை அக்கா.

அக்கா: ...கல்லு மாதிரி இருக்கு.

தங்கை: வலி அப்படித்தான். இப்ப இளகும் பாரு... இளகுதா?

அக்கா: இளகுது. ஏய்... உள்ள உதைக்குது.

தங்கை: அதான் நான் சொல்லிட்டே இருந்தேன்.

அக்கா: உதைக்குதுடி.

மருத்துவச்சி: அடுத்தது வருது. இதுல தலை வந்துடும். வாயைத் தொறந்து மூச்சு விடுங்க, சின்னச் சின்னதா... முக்காதீங்க... அதுவா வரட்டும்... அதுவா... வந்தாச்சு. தலை வந்தாச்சு.

அக்கா: தண்ணிக்குள்ளயா இருக்கு?

மருத்துவச்சி: தண்ணிக்குள்ளதான். அடுத்த வலி வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

அக்கா: காத்திருக்கறதா? மூச்சு?

மருத்துவச்சி: இன்னும் தொப்புள்கொடிதான் அதுக்கு மூச்சு. ஆடாம இருங்க.

அக்கா: எவ்வளவு நேரம்?

மருத்துவச்சி: அது இஷ்டம்.

தங்கை: அக்கா, உன் நெஞ்சு என் முதுகுல இடிக்குது.

அக்கா: இடிக்கட்டும். நீ சாமியை நினைச்சுக்க.

தங்கை: நீ நம்பாதவளாச்சே.

அக்கா: இப்ப எல்லாத்தையும் நம்பறேன்.

தங்கை: ...வருது.

மருத்துவச்சி: இப்ப முக்கலாம். நல்லா... தோள் திரும்புது... கையைக் கீழ கொண்டு போங்க, ஏந்திக்கங்க.

தங்கை: நான் எடுக்கலை. அக்கா எடுக்கட்டும்.

அக்கா: நீ எடு. பெத்தவங்க கைன்னு சொன்னாங்க இல்ல.

தங்கை: நீ எடு அக்கா...

மருத்துவச்சி: யார் கையா இருந்தாலும் இப்ப வேணும். ரெண்டு பேரும் விடுங்க. முழங்கை வரைக்கும் போதாதும்மா, இன்னும் உள்ள விடுங்க... அங்கதான். வந்தாச்சு. மெதுவா மேல கொண்டு வாங்க, கொடியை இழுக்காம... முகம் மட்டும் வெளிய. உடம்பு தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்.

அக்கா: ...

தங்கை: ...

அக்கா: அழலை.

மருத்துவச்சி: தண்ணியில பொறந்தது சட்டுனு அழாது. இந்தத் துண்டால முதுகைத் தேய்ங்க.

அக்கா: நீலமா இருக்கு சிஸ்டர்.

மருத்துவச்சி: தேய்ங்க. நீங்கதான். உங்க கைதான் கிட்ட இருக்கு.

அக்கா: என் கை வேண்டாம். நீங்க தேய்ங்க, என் கை...

தங்கை: தேய் அக்கா.

அக்கா: தேய்க்கறேன்... தேய்க்கறேன்... ஏய், இங்க பாரு... கண்ணைத் தொறக்குது, சிஸ்டர், ஆனா மூச்சு...

மருத்துவச்சி: இன்னும் நல்லா. பயப்படாதீங்க, உடையாது.

அக்கா: ஏய்... வாடி... வாடா... யாரா இருந்தாலும் வா...

தங்கை: தும்முது.

மருத்துவச்சி: தும்மிட்டாங்களா. இனிமே பாருங்க.

தங்கை: அழுது. அக்கா, அழுது. கேக்குதா உனக்கு?

அக்கா: இதுதானா.

தங்கை: எது?

அக்கா: இரைச்சலுக்கு அப்புறம் வர்றது.

மருத்துவச்சி: நல்லாச் சிவந்துடுச்சு. கொடி துடிக்கறது நின்னப்புறம் வெட்டலாம், அவசரம் இல்ல. அது வரைக்கும் இப்படியே இருங்க. ரெண்டு பேரும் இன்னும் என்ன குழந்தைன்னே கேக்கலை.

தங்கை: இருக்கட்டும் சிஸ்டர். எங்க போயிடப் போகுது?

அக்கா: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

தங்கை: இப்பவா?

அக்கா: நேத்து இங்க வந்தது நான்தான். சிஸ்டர் பாவம், காட்டிக் குடுக்கலை. இந்தக் குழாய்த் தண்ணியை பாட்டில்ல பிடிச்சுட்டுப் போய் லேப்ல சோதிச்சேன். ஏதாவது இருக்காதான்னு தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அப்படியும் டாக்டருக்கு ஃபோன் பண்ணி, தண்ணி கெட்டிருக்கு, தொட்டி குடுக்காதீங்கன்னு சொன்னேன்.

மருத்துவச்சி: அதனாலதான் நேத்து ரெண்டு தடவை தேய்ச்சேன். இன்னும் தோள் வலிக்குது.

தங்கை: டாக்டர் என்கிட்ட சொன்னாங்க. யாரோ ஒரு அம்மா பேசினாங்க, கிருமியையெல்லாம் பேர் பேரா சொன்னாங்கன்னு. எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒருத்திதான்.

அக்கா: தெரிஞ்சும் காலையிலேர்ந்து வாயைத் தொறக்கலையா நீ?

தங்கை: நீயும்தான் தொறக்கலை.

அக்கா: பயம்டி. உன் கையில முதல்ல வந்துடுச்சுன்னா நீ குடுக்க மாட்ட, வண்டியைத் திருப்பிடுவன்னு. அதுக்குத்தான் தொட்டி கேட்டன்னு... நான் யார்கிட்டப் போய் நியாயம் கேக்க முடியும்? இப்பவாவது சொல்லு. வலிக்காகன்னு கதை விடாதே. எதுக்குக் கேட்ட?

தங்கை: பையில இருக்கே அந்தப் பெரிய நைட்டி, அது உன் அளவு அக்கா. முன்னாடியே சொல்லியிருந்தா நீ இந்தத் தெருப்பக்கமே வந்திருக்க மாட்ட. கட்டில்ல ஒருத்திதான் படுத்துப் பெத்துக்க முடியும்... இதுலதான் ரெண்டு பேர் உக்காரலாம்னு சொன்னாங்க.